ஓட்டை போடாதே!

சிலருக்கு ஸ்டாம்ப் சேர்க்கிற கிறுக்கு. சிலருக்குப் பழைய கிராமபோன். எனக்கு ஊறுகாய் ஜாடி! ஆமாம் சார், தலை காப்பிக் கலர், உடம்பு சந்தன நிறம், கல்யாணத்துக்கு வந்த பெரிய மாமா மாதிரி தொந்தியோடு உட்கார்ந்திருக்குமே, அதேதான். கைவசம் பதினொன்று. எல்லாவற்றிலும் செடி.

'பெண் பார்க்கப் போனாலும் இவன் பரணைத்தான் பார்ப்பான்' என்று ஆபீஸில் கிண்டல். பார்க்காமல்? தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல ஜாடியெல்லாம் பரணில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் வந்ததும் மேலே ஏறியவை, வீட்டை இடிக்கும்போதுதான் கீழே இறங்கும். இங்கே சிக்காவிட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளின் பழைய சாமான்களுக்கு அங்கே வரிசையாகக் கடைகள். வாங்காமல் சும்மா பார்க்க ஆசையா? தரங்கம்பாடியில் 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டைக்குள் மியூசியம் இருக்கிறது. கடல் தாண்டி வந்த சீன ஜாடிகளைக் கண்ணாரப் பார்க்கலாம்.

வாங்குவதற்கு முன் மூன்று பரீட்சை. விரல் முட்டியால் தட்டுங்கள். 'டங்' என்றால் பாஸ், 'தொக்' என்றால் எங்கோ விரிசல். கவிழ்த்துப் பாருங்கள், அடியில் வழுவழுப்பு இல்லாமல் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்கும். மேல்பூச்சு சூளையில் கண்ணாடியாக உருகும். அடியிலும் பூசினால் ஜாடி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அதனால்தான். கடைசியாக உள்ளே மூக்கை விடுங்கள். பெருங்காய வாசனை வந்தால் நல்ல வம்சம்!

சுமார் 1200 டிகிரி சூட்டில் வெந்து மண் கல்லாக இறுகியிருக்கும். உப்பும் புளிப்பும் அதை அரிக்காது. ஊறுகாய்க்கு அதுதான் சௌகரியம்; செடிக்கு அதுவே வினை. மண்தொட்டி என்றால் ஈரம் கசிந்து போகும். ஜாடியில் தண்ணீர் அடியிலேயே நின்று வேர் அழுகிவிடும். அதனால் செடிப் பிரியர்கள் முதல் காரியமாக டிரில்லிங் மிஷினைத் தூக்குகிறார்கள்.

போன வருஷம் திருவையாறு பக்கத்தில் அத்தை வீட்டை விற்றார்கள். இனிமேல் மகனோடு பெங்களூரில், நாலாவது மாடி. ''அங்கே ஊறுகாய் பாக்கெட்ல வரும்மா'' என்று அவன் சொல்லிவிட்டான். அத்தை மாவடு ஜாடியை முந்தானையால் துடைத்தபடி கேட்டாள்:

''இதை என்னடா பண்ணுவே?''

''செடி வைப்பேன் அத்தை.''

''வை. ஓட்டை மட்டும் போட்டுடாதே. ஓட்டை போட்டா அது தொட்டி; போடலேன்னா ஜாடி. என்னிக்காவது யாராவது மாவடு போடணும்னு கிளம்பினா, வேணுமில்லே?''

காவேரியில் தண்ணீர் வராமல் குறுவை போன வருஷங்களில், அந்த வீட்டுப் பழையதுக்குத் துணை அந்த ஜாடிதான். மறுபேச்சு பேசுவேனா?

ஓட்டை இல்லாமலும் வழி இருக்கிறது. செடியைச் சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, வாயகன்ற ஜாடிக்குள் இறக்குங்கள். அடியில் நாலு கூழாங்கல். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்ததும் உள்ளே. குறுகிய வாய் ஜாடியா? தண்ணீர் விட்டு மணிபிளான்ட் கொடியைச் செருகினால் போதும். மேன்ஷன் ரூமிலேயே வளரும்.

அத்தையின் ஜாடியில் மட்டும் நான் செடி வைக்கவில்லை. பங்குனியில் ரெண்டு படி வடு வாங்கி வந்து போன் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல விளக்கெண்ணெய் தடவி, உப்பு, மஞ்சள், கடுகுப்பொடி எல்லாம் போட்டேன். மூன்றாம் நாள் வடு சுருங்கித் தண்ணீர் விட்டது. மறுபடி போன் போட்டுச் சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ''தினம் குலுக்கி விடுடா. ஈரக் கரண்டியைப் போட்டே, பிச்சுடுவேன்!'' என்றாள்.