தண்ணி சூடா இருக்கணும்

நாற்பத்தாறு வயதில் ஒருவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு ‘எந்த ஊருக்குப் போகலாம்?’ என்று கேட்டால் குருவாயூர், கொடைக்கானல் என்று பதில் வரும். நான் கேட்டது கொஞ்சம் வேறு மாதிரி. எந்த ஊர்த் தண்ணீரில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி, ஈரம் காய்வதற்குள் 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி, 42.2 கிலோமீட்டர் ஓடலாம்? எல்லாம் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள்.

“ஏம்ப்பா, அந்த ஊர்ல பஸ் ஓடாதா?” என்றாள் மகள்.

மனைவி எதுவும் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள். அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கிறுக்கை ஆரம்பித்து வைத்தவர் ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. நீச்சல்காரன் உசத்தியா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா என்று ஹவாயில் ஒரு வாய்ச்சண்டை. அங்கே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளையும் சேர்த்து ஒரே நாளில் வைத்துவிட்டார் மனுஷன். 1978 பிப்ரவரி 18. புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12. முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பர், ஓடும்போது தண்ணீர் தீர்ந்துபோய் பீர் குடித்துச் சமாளித்தார். (யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

அந்தப் போட்டிக்கு வைத்த பெயர்தான் அயர்ன்மேன். இன்றைக்கு அது ஒரு கம்பெனியின் பிராண்டு. விளையாட்டின் பெயர் டிரையத்லான். ஜெராக்ஸ் என்பது கம்பெனி, நகல் எடுப்பது வேலை என்கிற மாதிரி. 2015ல் மாடல் மிலிந்த் சோமன், ஐம்பதைத் தொடப்போகிற நேரத்தில், ஜூரிச்சில் 15 மணி 19 நிமிடத்தில் முழு தூரத்தையும் முடித்தார். பேப்பரில் அதைப் படித்துவிட்டுத் தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்ட லட்சக்கணக்கான ஆண்களில் அடியேனும் ஒருவன்.

முழு தூரத்துக்கு ஊர் தேடுவது வரன் பார்க்கிற மாதிரிதான். ஒவ்வொன்றிலும் ஒரு பொருத்தம் இருக்கும், ஒரு தோஷம் இருக்கும். ஹவாயின் கோனாவுக்குப் பணம் கட்டினால் மட்டும் போதாது. வேறொரு போட்டியில் உங்கள் வயதுக்காரர்களை முந்தித் தகுதி பெறவேண்டும். எனக்கு அது அடுத்த ஜென்மத்தில். ஜெர்மனியில் ரோத் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மேட்டில் சைக்கிள் ஏறும்போது இரண்டு பக்கமும் ஜனம் தேர்த் திருவிழா மாதிரி நெருக்கியடித்துக் கத்துமாம். ஆனால் இடங்கள் தட்கல் டிக்கெட் மாதிரி கண்மூடித் திறப்பதற்குள் காலி. ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் காற்றும் மேடும் சேர்ந்து சைக்கிள்காரனைப் படுத்தி எடுக்கும். நார்வேயின் நார்ஸ்மேனில் விடிகாலை படகிலிருந்து குளிர்ந்த தண்ணீரில் குதிக்கவேண்டும். முடிகிற இடம் ஒரு மலை உச்சி. முதல் 160 பேருக்குத்தான் கறுப்பு டி ஷர்ட், மற்றவர்களுக்கு வெள்ளை.

இந்தப் பட்டியலை ராத்திரி ராத்திரியாகப் படிக்கும்போது ஒரு போதை ஏறும். நாம் எதற்கு லாயக்கு என்பது மறந்து, எந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆபீஸில் வாய் பிளப்பார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

2023ல் நான் அப்படித்தான் போட்டேன். ஐரோப்பாவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், ஊர்மேல் ஒரு தப்பும் இல்லை. நுழைவுக் கட்டணம், விமான டிக்கெட், சைக்கிள் பெட்டிக்குத் தனி சார்ஜ், ஷெங்கன் விசா, ஓட்டல் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம். சமையலறையை மாற்றிக் கட்டுவதற்காக என் மனைவி இருபது மாசம் கட்டி எடுத்த சீட்டுப் பணம் அது. கேட்டேன், கொடுத்தாள். ஒருவர் போகத்தான் காணும் என்பதால் தனியாகவே போனேன். “போன்ல ஒரு ஆப் இருக்கு. நான் எங்க இருக்கேன்னு ஒரு புள்ளி நகரும், அதைப் பாத்துக்கிட்டே இரு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தண்ணீர் 16 டிகிரி. நான் நீந்திப் பழகியது மெரினா நீச்சல் குளத்திலும் கோவளம் கடலிலும். அவ்வளவு குளிர்ச்சியில் திடீரென்று முகத்தை வைத்தால் மூச்சு தானாக மேலே இழுக்கும், நம் சொல்பேச்சு கேட்காது. பழகியவனுக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. வாடகைக்கு எடுத்த ரப்பர் உடை வேறு கழுத்தை நெரித்தது. அதை நான் அதற்குமுன் ஒருமுறைகூடத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை. நானூறு மீட்டரில் கையைத் தூக்கினேன். படகில் ஏற்றினார்கள். கரையில் வெள்ளித்தாள் போர்வை சுற்றி உட்கார வைத்தார்கள். முப்பத்திரண்டு பல்லும் தாளம் போட்டது.

இங்கேதான் கதை. போட்டியாளரின் காலில் ஒரு சிப் கட்டுவார்கள். நீந்தி வெளியே வரும்போது தரையில் விரித்த பாயை மிதித்தால் ஆப்பில் புள்ளி நகரும். நான் படகில் வந்ததால் பாயை மிதிக்கவில்லை. ஆக, கோடம்பாக்கத்தில் என் மனைவியின் போனில் நான் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தேன். நீச்சலுக்கு உச்சக் கெடு 2 மணி 20 நிமிடம். அதுவும் தாண்டியது. புள்ளி அசையவில்லை.

ஏற்பாட்டாளர்கள் கடமை தவறவில்லை. விண்ணப்பத்தில் ‘அவசரத் தொடர்பு’ என்ற இடத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே நான் கொடுத்திருந்தது ஆபீஸ் நண்பனின் நம்பர். ‘இவ பயந்துடுவா’ என்ற என் புத்திசாலித்தனம். நண்பன் மீட்டிங்கில். போன் சைலன்ட்டில்.

உடைமைப் பை கைக்கு வந்து நான் கூப்பிட்டபோது இந்தியாவில் மத்தியானம் இரண்டேகால். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “சரி. ஏதாச்சும் சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டாள்.

பி.காமில் ‘ஸங்க் காஸ்ட்’ என்று ஒரு பாடம் உண்டு. மூழ்கிப்போன செலவு. திரும்ப வராது, அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்பார் எங்கள் புரொபசர். மூன்றரை லட்சத்தை அந்தக் கணக்கில் எழுதிவிட்டேன். அவள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எந்த புரொபசரும் சொல்லித்தரவில்லை.

பயம் வெறும் பயமில்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை நடந்த கிட்டத்தட்ட மூவாயிரம் டிரையத்லான்களை ஆராய்ந்து, 2010ல் மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 9,59,000 பேர் கலந்துகொண்டதில் இறந்தவர்கள் 14 பேர். லட்சத்துக்கு ஒன்றரைப் பேர். பயப்படுகிற எண்ணிக்கை இல்லைதான். ஆனால் அந்த 14 பேரில் 13 பேர் இறந்தது நீச்சலில். சைக்கிளில் மயக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தலாம், ஓட்டத்தில் உட்காரலாம். தண்ணீரில் உட்கார முடியாது. அப்படியென்றால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது எது? நான் சைக்கிள் பாதையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் சைக்கிள் சுவரில் தொங்கியது. 2024 அக்டோபரில் வீட்டுக்குச் சொல்லி, கூட்டிக்கொண்டு, கோவா போனேன். மிராமார் கடற்கரையில் 2019ல் ஆரம்பித்த பாதி தூரப் போட்டி. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். வெதுவெதுப்பான அரபிக்கடல். நடுவில் மூச்சு வாங்கியபோது பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினேன். படகு நகராமல் நின்றால் அது விதிமீறல் இல்லை. 2023லேயே இதைத் தெரிந்து வைத்திருக்கலாம். எட்டரை மணி நேரக் கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால் முடித்தேன். அவள் கை தட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஆனால் சிரித்தாள்.

அதனால்தான் இப்போது மேஜையில் மறுபடி அந்தக் கேள்வி, இந்தமுறை முழு தூரத்துக்கு. கடைசி தோசையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“மூணு விஷயம். ஒண்ணு, தண்ணி சூடா இருக்கணும். ரெண்டு, நான் கூட வரணும். மூணு, நீங்க ஓடறப்ப திரும்பத் திரும்ப என் கண்ணுல படணும். புள்ளி கிள்ளியெல்லாம் வேணாம்.”

ராத்திரி ராத்திரியாக நான் படித்த அத்தனை பட்டியலையும் மூன்று வரியில் சுருக்கிவிட்டாள். சூடான தண்ணீர் என்றாலே ஐரோப்பாவில் பாதி அடிபடுகிறது. ஆஸ்திரேலியாவின் பஸல்டனைச் சொன்னேன். சமதரை, டிசம்பர் மாசம், 1,841 மீட்டர் நீளமுள்ள மரப்பாலத்தைச் சுற்றி நீந்தவேண்டும், கொள்ளை அழகு என்றேன். நேர்மையாக, 2017ல் சுறா தென்பட்டதால் நீச்சலையே ரத்து செய்தார்கள் என்பதையும் சொன்னேன்.

“அடுத்தது?” என்றாள்.

அடுத்தது லங்காவி. மலேசியாவில் கெடா மாநிலத்துத் தீவு. கெடா என்றால் நம் பழைய கடாரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜேந்திர சோழன் கப்பல் படையோடு போன பக்கம். நான் சைக்கிள் பெட்டியோடும் ஊறுகாய் பாட்டிலோடும் போகப்போகிறேன்.

பொருத்தம் பார்த்தோம். கடல் கோவளம் மாதிரியே வெதுவெதுப்பு. 24.5 டிகிரிக்கு மேல் போனால் பரிசுக்குப் போட்டி போடுகிறவர்கள் ரப்பர் உடை போடக்கூடாது என்பது விதி. அங்கே யாருக்கும் அந்த நினைப்பே வராது. எனக்கும் அதற்கும் ஜென்மப் பகை, ஆக நல்லது. வெக்கையும் புழுக்கமும் அசல் சென்னை. உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு வாரமாவது பிடிக்கும். குளிர்தேசத்துக்காரர்கள் முன்கூட்டியே வந்து காசு செலவழித்துப் பழகவேண்டியதை, நமக்கு மாநகராட்சி ஓசியிலேயே தருகிறது. போட்டி நடப்பது வழக்கமாக அக்டோபர், நவம்பர் வாக்கில். அதாவது ஈ.சி.ஆரில் நீண்ட சைக்கிள் பயிற்சி எல்லாம் ஆகஸ்ட், செப்டம்பரில் முடிந்து, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது நான் ஓய்வில் இருப்பேன். அரிசிச் சோறு கிடைக்கும். தமிழ் கேட்கும். மூன்றரை லட்சத்தில் ஒருவர் போன இடத்தில், அதைவிடக் குறைவாக இரண்டு பேர் போய் வரலாம் என்று கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கை நானே மூன்று முறை தணிக்கை செய்தேன்.

தோஷமும் உண்டு. அது மேடு பள்ளமான தீவு. சென்னையில் நமக்குக் கிடைக்கிற மலை, கத்திப்பாரா மேம்பாலம். அதனால் மாசம் ஒருமுறை ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை ஏறும்போது ஒவ்வொரு பெயரையும் வாசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அவ்வளவு மெதுவாகப் போனேன். இன்னொரு தோஷம், வியர்வை. அந்தப் புழுக்கத்தில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். உப்பும் சேர்ந்து உள்ளே போகவேண்டும். “இதைத்தான் எங்கம்மா நீர்மோர்ல போட்டுக் குடுத்தாங்க” என்றாள். புத்தகம் போட்டிருக்கலாம் என் மாமியார்.

ஆபீஸில் சொன்னேன். “லங்காவியா? அங்க எல்லாரும் ஹனிமூன்தானே போவாங்க?” என்றான் அதே நண்பன். யாரும் வாய் பிளக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஒரு பத்து நிமிஷம்.

நேற்று ராத்திரி விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர், வயது, ரத்த வகை, டி ஷர்ட் அளவு. ‘அவசரத் தொடர்பு’ என்ற கட்டம் வந்ததும் கை நின்றது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் லாப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அடித்தாள். ஒருமுறை சரிபார்த்தாள். ‘உறவு’ என்ற இடத்தில் மனைவி என்று போட்டாள்.

“இப்ப பணம் கட்டுங்க” என்றாள்.

கட்டினேன்.