படத்திலிருந்த ஜமேதார்

பெங்களூரிலே வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பட்டாளத்து உறவுடையவை பல. 1809ஆம் ஆண்டில் கண்டோன்மென்ட் ஏற்பட்ட நாள்முதல் நம்மவர்கள் படையின் பின்னாலே வந்தார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்த பின்னர் இரயிலேறியும் வந்தார்கள். சிப்பாயாகவும் கொத்தனாராகவும் சமையற்காரராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று காக்ஸ் டவுனிலும் அல்சூரிலும் மர்பி டவுனிலும் நிறைந்திருக்கிறோம். ஆகையால் நம் வீட்டுச் சுவர்களிலே, தெய்வப் படங்களுக்குச் சற்றுத் தள்ளி, காக்கி உடையணிந்த ஒருவருடைய படமும் தொங்குவதைக் காணலாம். அவர் பெயரைச் சிலர் அறிவர். அவர் செய்த காரியம் இன்னதென்று அறிந்தவர் மிகச் சிலர். அறிவு இல்லாத இடத்தைக் கதை வந்து நிரப்பிவிடுகிறது. கதை பெருமையைத் தருவதோடு நின்றால் தீங்கில்லை. அது ஒரு மனிதர்மீது பழியாக விழுந்தால்? எங்கள் குடும்பத்திலே அவ்வாறுதான் விழுந்தது.

எங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவர் என் கொள்ளுப் பாட்டனார். அவரைச் 'சுபேதார் தாத்தா' என்றே எல்லோரும் சொல்லுவார்கள். இரண்டாம் உலகப் போரிலே அவர் இத்தாலி தேசத்தில் இருந்தாராம். தோழர்களின் காலடியிலே வெடிக்கவிருந்த கண்ணிவெடிமீது தாமே பாய்ந்து விழுந்து அவர்களைக் காப்பாற்றினாராம். கடவுள் அருளால் தாமும் பிழைத்தாராம். அதற்காக அரசர் தங்கப் பதக்கம் அளித்தாராம். இதைக் கேட்டுக்கொண்டே நான் வளர்ந்தேன்.

ஆனால் அந்தத் தங்கப் பதக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தாத்தா 1958இல் காலமானபோது அவருடைய டிரங்குப் பெட்டி இளைய மகனிடம், அதாவது என் சின்னத் தாத்தாவிடம், போயிற்று. மறு வருஷமே அவர் மர்பி டவுனில் ஒரு வாடகைச் சைக்கிள் கடை வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்டார்கள். பதக்கத்தை விற்ற பணம் என்று யாரோ பதில் சொன்னார்கள். பார்த்தவர் ஒருவருமில்லை. ஆயினும் அன்றோடு இரண்டு வீட்டாருக்கும் போக்குவரத்து நின்றது. இரண்டு மைல் தூரத்திலுள்ள வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை தபாலிலே போகும். சின்னத் தாத்தா 2009இல் அந்தப் பழியோடேயே கண்ணை மூடினார்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் படம் என் பொறுப்பில் வந்தது. பத்தாவது படித்த இரயில்வே குமாஸ்தாவுக்குச் சரித்திர ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் நகைத்தனர். பார்சல் ஆபீசிலே உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டு அறுந்துபோன மூட்டையைக் கேட்டவரிடமெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டான். மேலே உள்ள குறியையும் கட்டையும் எடையையும் பார்த்து, அது எங்கே ஏறியது, எங்கே இறங்க வேண்டியது என்று விசாரிப்பான். பெயரெழுதாத பழைய படமும் எனக்கு அப்படிப்பட்ட மூட்டையாகவே தோன்றியது.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தேன். தலையிலே மதராஸ் சாப்பர்களுக்கே உரிய உயர்ந்த தொப்பி. 1780இல் தோன்றி, அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படைப்பிரிவைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் தொழில். தோளிலே ஒரே ஒரு நட்சத்திரம். எங்கள் தெருவிலே உள்ள ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, இரண்டு நட்சத்திரம் இருந்தால் சுபேதார், இவர் ஜமேதார்" என்றார் அவர். வெள்ளைக்கார செகண்ட் லெப்டினன்டுக்கும் ஒரு நட்சத்திரமே. ஆனால் அவர்கள் அரசரின் அதிகாரப் பத்திரம் பெற்றவர்கள், ஜமேதாரும் சுபேதாரும் வைசிராயின் பத்திரம் பெற்றவர்கள் என்றும் சொன்னார். அந்த ஜமேதார் பதவிக்கு 1965 முதல் நாயப் சுபேதார் என்று பெயர்.

அப்படியானால் 'சுபேதார்' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அடுத்து மார்பிலுள்ள பட்டைகள். மூன்று இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்திலே நிறம் தெரியாது என்றாலும் கோடுகள் தெரியும். முதலாவதில் சமமான மூன்று கோடுகள்; அது 1939-45 நட்சத்திரம். இரண்டாவது வெளிறிய பட்டை, நடுவிலே கருமை; ஆப்பிரிக்க நட்சத்திரம். மூன்றாவதிலே கருமையும் வெண்மையும் மாறி மாறி ஐந்து கோடுகள். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்ற இத்தாலி நட்சத்திரத்தின் பட்டை அது. அந்த விருது 1945 மே மாதத்திலேதான் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே படம் அதற்குப் பிந்தியது. இம்மூன்றும் அந்தந்தப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கெல்லாம் பொதுவாகக் கொடுக்கப்பட்டவை. தனி வீரத்துக்கு உரிய பட்டை ஒன்றுகூட அந்த மார்பிலே இல்லை.

கண்ணிவெடிமீது பாய்ந்த வீரர் யார் என்று பின்னர்த் தேடினேன். அவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. மதராஸ் சாப்பர்களில் 11ஆம் பீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர். காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தில் பிறந்தவர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்திலே, வெடிக்கவிருந்த கண்ணிமீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. எதிரியின் நேர்முகத்தில் அல்லாது காட்டும் வீரத்துக்கு அதைவிட உயர்ந்த விருது அந்த அரசில் இல்லை. அந்தச் சிலுவை தங்கமன்று, வெள்ளி. பட்டையோ கோடே இல்லாத கருநீலம்.

மீதியிருந்தது டிரங்குப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுனுக்குப் போனேன். சின்னத் தாத்தாவின் மகன், எனக்குச் சித்தப்பா முறை, கதவைத் திறந்து சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அண்ணன் மகனா? உள்ளே வாப்பா" என்றார். வந்த காரியத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பெட்டியை எடுத்து வந்து வைத்தார். மஞ்சள் துணியிலே முடிந்திருந்தன ஆறுமுனை நட்சத்திரங்கள் மூன்றும், படம் எடுத்தபின் வந்த வட்டமான போர்ப் பதக்கம் ஒன்றும். நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். துடைத்தால் பொன்போல மின்னும். தங்கம் என்ற பேச்சு பிறந்த இடம் அதுவே. அடியிலே ஓய்வூதியத் தாள்: ஜமேதார், 11ஆம் பீல்டு பார்க் கம்பெனி.

"கடை வைத்தது அம்மாவின் வளையலை அடகு வைத்து. அப்பா ஒருநாளும் யாரிடமும் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னாலும் நம்புவார்களா என்பார்" என்று சித்தப்பா சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கிற்று. ஒரே கம்பெனியில் இருந்த ஜமேதார், மாண்ட தம் சுபேதாரின் கதையை வீடு திரும்பிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். கேட்ட பிள்ளைகள் கதையிலே தந்தையின் முகத்தை வைத்துவிட்டார்கள். பட்டமும் கதையோடு ஒட்டிக்கொண்டது.

இதை என் தகப்பனாரிடம் சொல்வது எளிதாக இருக்கவில்லை. "தாத்தாவைச் சின்னவராக்கிவிட்டாயே" என்று வருந்தினார். "இல்லை அப்பா. தோழன் செய்த தியாகத்தைத் தன்னதென்று அவர் சொல்லவே இல்லை, நாம்தான் சொன்னோம். அவர் அதை மறக்காமல் வீடுவரை சுமந்து வந்தார். அது சிறுமையா?" என்றேன். இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை சட்டையை மாட்டிக்கொண்டு, "மர்பி டவுனுக்கு எந்த பஸ் போகிறது?" என்று கேட்டார். சின்னத் தாத்தாவின் படத்துக்கு அவர் மாலை போட்டபோது ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழி இறங்கிற்று. ஆனால் இறங்கியதைக் காணவேண்டியவர் இல்லை. அந்தத் துயரம் மட்டும் தீராது.

வாசகர்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட படம் இருக்கலாம். தொப்பியைப் பாருங்கள், தோளைப் பாருங்கள், மார்பிலுள்ள பட்டைகளை எண்ணுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் படைப்பிரிவையும் ஆண்டையும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். போரில் இறந்தவர்களானால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் ஏடுகளிலே தகப்பன் பெயரும் ஊரும்கூடக் கிடைப்பதுண்டு. அப்படித் தேடும்போது பெருமை குறையுமோ என்று அஞ்சவேண்டாம். உண்மையான பெருமை எங்கும் போய்விடாது. உரியவரிடம் போய்ச் சேரும். அதைவிட முக்கியம், வீட்டிலே ஏதேனும் ஒரு பொருள் காணவில்லையென்றால், அது முதலில் இருந்ததா என்று விசாரித்துவிட்டுப் பிறகு ஆளைத் தேடுங்கள்.