கிரகணத்துக்கு நேரம் உண்டு

எங்கள் தெருவின் கிழக்கு முனை கடலில் முடிகிறது. சென்னையின் தென்பகுதியில், ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகளும் மறுபக்கம் மீனவர் குப்பமுமாக அமைந்த தெரு அது. இரு சாராரும் ஒரே மளிகைக் கடையில் கடன் சொல்கிறோம். ஒரே தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறோம். ஆயினும் ஒன்றாக நின்று எதையும் பார்த்ததில்லை. 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை காலையில்தான் முதன்முறையாகப் பார்த்தோம்.

அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் கங்கண கிரகணம். நிலவு கதிரவனின் நடுவில் அமர்ந்து, சுற்றிலும் ஒளி வளையத்தை மட்டும் விட்டுவைக்கும் காட்சி. சென்னைக்கு வாய்த்தது பகுதி மறைப்புத்தான். காலை 8.08 மணிக்குத் தொடங்கி, 9.35 அளவில் உச்சத்தை அடைந்து, 11.19க்கு விடும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். உச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மறையும். பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்க இயலாதென்பது முன்பே தெரிந்துவிட்டது. ஆகவே கடற்கரை மணலிலேயே எல்லாருமாகப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஆனால் குப்பத்தில் அந்தத் தேதிக்கு வேறு பொருள் உண்டு. 2004இல் அதே டிசம்பர் 26 அன்றுதான் கடல் ஊருக்குள் வந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் எவரும் கடலுக்குப் போவதில்லை; இறந்தவர்களுக்காகப் பாலூற்றிப் பூத்தூவுவார்கள். அது பதினைந்தாம் ஆண்டு. கிரகண வேளையில் பாலூற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. கூடாது என்றார்கள் குப்பத்துப் பெண்கள். கிரகணத்தில்தான் தர்ப்பணத்துக்குப் பலன் அதிகம் என்றார் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர். இறுதியில் ஊர்ப் பஞ்சாயத்தார், எட்டு மணிக்குள் முடித்துவிடுவது என்று தீர்த்து வைத்தார்கள். பாலும் சாமந்திப்பூவும் அலையில் கலந்து சிறிது நேரத்துக்கெல்லாம் நிலவு கதிரவனின் விளிம்பைத் தொட்டது.

சூரியக் கண்ணாடிகள் எங்களிடம் ஆறே ஆறு இருந்தன. வரிசை நீண்டது. தாம்பாளத்தில் மஞ்சள் நீர் வைத்து நிழல் பார்க்கலாம் என்று பாட்டி ஒருத்தி சொன்னபோது, அந்தப் பிரதிபலிப்பும் கண்ணுக்குக் கேடுதான் என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் சென்ற அவர் ஒரு சல்லடையோடு திரும்பி வந்தார். அதைத் தலைக்கு மேல் பிடித்ததும், ஒவ்வொரு துளையும் மணலில் ஒரு சிறு பிறைக் கதிரவனை விழச்செய்தது. நூற்றுக்கணக்கான பிறைகள்! தேங்காய்க்கீற்று என்றது மாடி வீட்டுக் குழந்தை. தூண்டில் முள் என்றான் குப்பத்துச் சிறுவன். மேகங்கள் இடையிடையே மறைத்தன. விலகும்தோறும் ஆரவாரம் எழுந்தது. ஒன்பதரைக்கு வெயிலின் நிறம் மங்கி, எங்கள் நிழல்கள் கூர்மையாகிக் காற்று குளிர்ந்தது. ஒரு கணம் எல்லாரும் பேச்சற்று நின்றோம்.

எங்கள் வீடுகளுக்கு மீன் கொண்டுவரும் ஆயா அப்போது அருகில் வந்தார். சுனாமியில் மருமகளையும் பேரனையும் இழந்தவர். சல்லடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டி, அதில் விழுந்த பிறைகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இத்தினி மணிக்குப் புடிக்கும், இத்தினி மணிக்கு விடும்னு நிமிசம் தப்பாம சொல்றீங்களே கண்ணு, அன்னைக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

எங்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விடை கூறினார். நிலவின் பாதை கணக்குக்கு அடங்கியது. சோழிகளைப் பரப்பியே கிரகணம் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி 1825இலேயே ஜான் வாரன் தம் ‘கால சங்கலித’ நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் நிலநடுக்கம் எந்நாளில் வரும் என்று இன்றும் எவராலும் கணிக்க முடியாது என்றார். ஆயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் நடுக்கத்தக் கேக்கல சாமி. அங்க நடுங்கினதுக்கும் தண்ணி இங்க வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்?"

சுமத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. கடல் சென்னையைத் தொட்டபோது ஏறத்தாழ ஒன்பது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பது எங்களுக்கு நினைவிருக்கிறது. மாடிகளில் கட்டில் அசைந்தது. பயந்து கீழே இறங்கினோம். உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொன்னோம். மறுபடி ஏறிப்போய்க் காபி குடித்தோம். தெருவின் மறுமுனைக்குப் போய் எவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கும் எதுவும் தெரியாது. சுனாமி என்ற சொல்லையே அன்றுதான் கற்றோம். ஆனால் அதே காலையில், புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. செய்தியறிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் எச்சரிக்க, ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்ட நாளில் அவ்வூர் மக்கள் பிழைத்தார்கள். அவர்களிடம் கணிதம் இல்லை. சொல்ல ஒருவர் இருந்தார். கேட்க ஓர் ஒலிபெருக்கி இருந்தது.

2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்துவிட்டது என்று ஆயாவிடம் சொன்னோம். தலையசைத்தார். "அங்க தெரிஞ்சா போதுமா? இங்க வந்து யாரு சொல்லுவா?" என்றார்.

அன்று மாலையே ஒரு சிறு காரியம் செய்தோம். அடுக்ககக் காவலாளியின் அறையில் குப்பத்தார் மூவரின் தொலைபேசி எண்களையும், குப்பத்து வலைக் கொட்டகையில் எங்களில் மூவரின் எண்களையும் எழுதி ஒட்டினோம். ஒரே தெருவில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும் அதுவரை ஒருவர் எண் மற்றவரிடம் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

சுனாமி வந்தது முழுநிலவு நாளில். கிரகணம் வந்தது அமாவாசையில். 2031 மே 21 அன்று மற்றொரு கங்கண கிரகணம் தென் தமிழகத்தைக் கடக்கும். எங்களுக்கு அதிலும் பகுதிதான். பிள்ளைகள் இப்போதே நாள் குறித்துக்கொண்டார்கள். கடல் எப்போது வரும் என்று குறித்துவைக்க எந்த நாட்காட்டியும் இல்லை. சுவரில் அந்த ஆறு எண்கள் இருக்கின்றன. வெயிலில் எழுத்து மங்கும்தோறும் யாராவது ஒருவர் மை தீட்டி விடுகிறோம்.