வண்டிக்கும் நடைக்கும் ஒரே பூட்ஸ்

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மூன்று விதமாக அடி படுகிறது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து அதன் எடை காலின் மேல் இறங்குவது ஒன்று. விழுந்த பின் தார்ச்சாலையில் உரசி இழுபடுவது இரண்டு. புட்ரெஸ்டுக்கும் தரைக்கும் இடையில் பாதம் மாட்டி முறுக்கிக்கொள்வது மூன்று. உரசலுக்கு வேகம் வேண்டும். மற்ற இரண்டுக்கும் வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது மணலில் கால் வழுக்கினாலே போதும், 195 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கணுக்காலின் மேல் சாய்ந்துவிடும். நெடும்பயணத்துக்குத்தான் பூட்ஸ், ஆபீஸ் போய்வரச் செருப்பே போதும் என்ற பழக்கம் இந்தக் கணக்கைப் பார்க்காமல் வந்தது. தலைக்கவசத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இருக்கிறது. காலுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால், எதை அணிவது என்பது ஓட்டுபவரின் பொறுப்பாகவே நிற்கிறது.

கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்பு முனைகளின் மேல் தோல் மட்டுமே இருக்கிறது. அடியை வாங்கிக்கொள்ளச் சதை கிடையாது. பாதமோ 26 எலும்புகள் சேர்ந்த அமைப்பு. மேலிருந்து கீழாக உடல் எடையைத் தாங்கப் பழகிய அது, பக்கவாட்டில் நசுக்கப்பட்டால் தாங்காது. தினசரி ஓட்டத்துக்கான பூட்ஸில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை இதிலிருந்தே பிறக்கின்றன: கணுக்கால் எலும்பை மூடும் கடினமான கிண்ணம், அகலவாக்கில் நசுங்காத அடிப்பாகம், விழும்போது கழன்று போகாத பிடிப்பு. முழங்கால்வரை உயரும் தண்டு, கெண்டைக்கால் தகடு, விரல் ஓரத்தில் பொருத்தும் உரசுகட்டை எல்லாம் பந்தயத் தடத்துக்கு உரியவை. அவற்றை விட்டால் நடக்க முடிகிறது. முதல் மூன்றை விட்டால் மிஞ்சுவது வெறும் தோல் ஷூதான்.

ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் காலணிக்கென்றே இ.என். 13634 என்ற தரநிலை இருக்கிறது. அந்தச் சான்று பெற்ற பூட்ஸின் உட்புறத்தில் பைக் ஓட்டுபவரின் சிறு படமும், அதன் கீழ் 1 அல்லது 2 என நான்கு எண்களும் அச்சிட்டிருக்கும். வரிசையாக அவை உயரம், உரசலைத் தாங்கும் திறன், வெட்டைத் தாங்கும் திறன், பக்கவாட்டு விறைப்பு ஆகியவற்றைக் குறிக்கின்றன. உரசல் சோதனையில் சுழலும் உப்புத்தாள் பட்டையின் மேல் 5 விநாடி தாக்குப்பிடித்தால் 1, 12 விநாடி தாக்குப்பிடித்தால் 2. நான்காவது எண்ணுக்கு, அடிப்பாகத்தை இரு பக்கமிருந்தும் நெருக்கிப் பார்க்கிறார்கள். 1 என்றால் ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு நிகரான விசை, 2 என்றால் 150 கிலோவுக்கு நிகரான விசை. நகரத்தில் ஓட்டுபவருக்கு நான்கில் முக்கியமானது இந்தக் கடைசி எண். உயரத்துக்கு 1 இருந்தால் குறையில்லை. குட்டையான, நடக்கத் தோதான பூட்ஸ்களுக்குப் பெரும்பாலும் அந்த எண்ணே கிடைக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. கணுக்காலில் விழும் அடியைத் தடுக்கும் சோதனை இந்தத் தரநிலையில் கட்டாயம் இல்லை. அதைச் செய்து தேறிய பூட்ஸில் மட்டும் ஐ.பி.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் கூடுதலாக இருக்கும். நான்கு எண்களும் 2 ஆக இருந்தும் அந்த எழுத்துகள் இல்லையென்றால், கணுக்கால் காப்பு சோதிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் எந்தச் சான்றும் இல்லாத பூட்ஸ்களும் நிறைய. அங்கே கைதான் சோதனைக் கருவி. அடிப்பாகத்தின் அகலமான பகுதியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து முழு பலத்தோடு நெருக்க வேண்டும். சோல் நடுவில் மடிந்தால் வண்டியின் எடைக்கும் மடியும். கணுக்கால் பகுதியை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் கடினமான கிண்ணம் தட்டுப்பட வேண்டும். பஞ்சு மட்டும் அமுங்கினால் அது சொகுசுக்கு வைத்தது. பூட்ஸை அணிந்து முழுக்க இறுக்கிய பிறகு, குதிகாலைப் பிடித்துக் கூட வந்தவரை இழுக்கச் சொல்ல வேண்டும். கழன்றால் வாங்க வேண்டாம். சாலையில் விழுபவரின் காலைவிட்டு முதல் நொடியிலேயே பறந்துபோகும் காலணி, அதற்குப் பிறகு எதையும் காப்பதில்லை.

இனி நடை. ஒவ்வொரு அடியிலும் பாதம் விரல்களின் அடிமூட்டில் மடிகிறது. பூட்ஸும் சரியாக அதே இடத்தில் மடிய வேண்டும். குதிகாலுக்கும் அந்த மடிப்புக்கும் இடைப்பட்ட வளைவுப் பகுதியில், சோலுக்குள் எஃகாலோ கடின பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு பட்டை ஓடும். அதன் பெயர் ஷாங்க். மேடுபள்ளத்தில் புட்ரெஸ்டின் மேல் எழுந்து நிற்கும்போது எடையைத் தாங்குவது இதுதான். நல்ல தினசரி பூட்ஸில் ஷாங்க் நிற்கும் இடத்தில் விறைப்பும், அதைத் தாண்டியதும் நெகிழ்வும் இருக்கும். ஷாங்க் இல்லாதது எங்கு வேண்டுமானாலும் வளைகிறது; ஷாங்க் மிக நீண்டது எங்குமே வளையாமல் மரக்கட்டைபோல் இருக்கிறது. இரண்டும் மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிடும். கடைக்குள் நான்கு அடி நடந்து பார்ப்பது போதாது. ஒரு மாடி ஏறி இறங்க வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் அவ்வளவாகச் சொல்லாத ஒரு தேவை தமிழ்நாட்டில் இருக்கிறது. இங்கே காலணி நாள் முழுக்கக் காலில் இருப்பதில்லை. வீட்டு வாசல், கோயில், உறவினர் வீடு, சில கிளினிக்குகள், சில கடைகள் என ஒரு நாளில் பலமுறை கழற்றி மாட்டியாக வேண்டும். எட்டுக் கண் லேஸ் பூட்ஸை ஒவ்வொரு வாசலிலும் குனிந்து அவிழ்ப்பவர் சில வாரங்களில் செருப்புக்குத் திரும்பிவிடுவார். எனவே உட்பக்கத்தில் ஜிப்பும், அதன் மேல் வெல்க்ரோ மடிப்பும் உள்ள பூட்ஸ்தான் இந்த ஊருக்குப் பொருத்தம். லேஸும் இருந்தால் நல்லது. ஒருமுறை அளவாக இறுக்கிவிட்டு, தினமும் ஜிப்பை மட்டும் பயன்படுத்தலாம். லேஸின் முடிச்சும் நுனிகளும் தொங்கவே கூடாது. கியர் லிவரில் சுற்றிக்கொண்டால் சிக்னலில் இடது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் போகும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலைக்குப் பைக்கில் போகும் பலரும் வேலைக்கான சேஃப்டி ஷூவோடே ஓட்டுகிறார்கள். செருப்பைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15298 விரல்களின் மேல் கனமான பொருள் விழுவதை மனத்தில் வைத்தது. 200 ஜூல் அடியை முன்மூடி தாங்க வேண்டும் என்கிறது. கணுக்காலுக்குக் கீழே முடியும் குட்டை ரகத்தில் கணுக்காலுக்கு எந்தக் காப்பும் இல்லை. எஃகு மூடியின் தடிமனால் கியர் லிவருக்கு அடியில் விரல் நுழையாமலும் போகலாம். லிவரின் உயரத்தை மெக்கானிக்கிடம் சற்று ஏற்றி வைக்கச் சொன்னால் இந்தச் சிக்கல் தீரும். ஸ்ப்ளெண்டர் போல முன்னும் பின்னும் மிதிக்கும் லிவர் உள்ள வண்டிகளில் இந்தப் பிரச்சினையே எழாது. முன்விரலால் லிவரைத் தூக்கும் வண்டிகளுக்கு, இடது பூட்ஸின் மேற்பகுதியில் இன்னொரு அடுக்குத் தோலோ ரப்பரோ வைத்துத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் தேய்வது அந்த இடம்தான்.

தோலைப் பொறுத்தவரை நம்மவர்களுக்குத் தேர்ந்த கண் இருக்க வேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகுக்கே தோல் பதனிட்டு அனுப்புகின்றன; 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் இயங்குகிறது. மேற்பரப்பைச் சீவாத முழுத்தோல் உரசலை நன்கு தாங்கும். தோலின் அடி அடுக்கைப் பிரித்து, மேலே பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய ‘ஸ்பிளிட்’ ரகம் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் விரைவில் வெடிக்கும். மடித்துப் பார்த்தால் முழுத்தோலில் நுண்ணிய, ஒழுங்கற்ற சுருக்கங்கள் விழும். பூச்சுத் தோலில் ஒரே தடித்த கோடு விழும்.

வெயிலும் மழையும் ஒன்றுக்கொன்று முரணானவற்றைக் கேட்கின்றன. நீர்புகாச் சவ்வு வைத்த பூட்ஸ் வியர்வை ஆவியை வெளியேற்ற, உள்ளே ஈரப்பதம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்க வேண்டும். சென்னையின் கடலோரப் புழுக்கத்தில் அந்த வேறுபாடு சிறியது. சவ்வு பாதி வேலையே செய்யும். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் நீர் கணுக்காலுக்கு மேல் நின்றால் பூட்ஸின் மேல்வாய் வழியாகவே இறங்கும். உள்ளே வந்த நீரைச் சவ்வு வெளியே விடாது. காயவும் நாட்கள் ஆகும். ஆண்டில் பெரும்பகுதி வெயிலில் ஓட்டுபவருக்குக் காற்றோட்டமுள்ள தோல் பூட்ஸும், மழைக்கு மேலே மாட்டும் தனி உறையும் போதும். உறையின் அடிப்பகுதி வழுக்கும் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் சவ்வு உள்ள பூட்ஸ் தன் விலைக்கு உழைக்கும்.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்குக் கியர் தொடர்பான கவலை இல்லை. கணுக்கால் காப்பும் வழுக்காத சோலும் அவர்களுக்கும் அதே அளவு வேண்டும். பெண்களுக்குப் பொருந்தும் சிறிய அளவுகளைப் பல கடைகள் வாங்கி வைப்பதே இல்லை என்பது தீர்க்கப்பட வேண்டிய குறை.

பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அளவு பார்க்க அதுவே நேரம். தினமும் அணியும் சாக்ஸோடு, இரண்டு கால்களிலும் அணிந்து, பெரிய காலுக்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும். குதிகால் தூக்காமலும் விரல் முட்டாமலும் இருந்தால் அளவு சரி. வாங்கியவுடன் வண்டியில் உட்கார்ந்து, பின் பிரேக்கின் முதல் அழுத்தம் சோல் வழியாகக் காலுக்குத் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

பூட்ஸுக்கும் ஆயுள் உண்டு. அது தேய்மானத்தால் மட்டும் முடிவதில்லை. பாலியூரித்தேன் சோல்கள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, பயன்படுத்தாமல் அலமாரியில் இருந்தாலும் சில ஆண்டுகளில் உதிரத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்குபவர் தயாரிப்புத் தேதியைக் கேட்டு, சோலின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். ரப்பர் சோலைத் தையலிட்டுப் பொருத்திய பூட்ஸில் சோல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பசையால் ஒட்டியதில் அது கடினம். பலமான விழுதலுக்குப் பிறகு வெளித்தோல் நன்றாக இருந்தாலும் கணுக்கால் கிண்ணத்தையும் ஷாங்கையும் அழுத்தி, முறுக்கிப் பார்க்க வேண்டும். கிண்ணத்தில் விரிசலோ, அடிப்பாகத்தில் முன்பு இல்லாத நெகிழ்வோ தெரிந்தால் அந்த ஜோடியை ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.