ஆல்புலா சுரங்கத்துக்கு அப்பால்

சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்குக் காண்டன் என்று பெயர். மொத்தம் 26 காண்டன்கள். பரப்பில் எல்லாவற்றையும்விடப் பெரியது கிழக்கு மூலையில் இருக்கும் கிராவ்புண்டன். நாட்டின் ஆறில் ஒரு பங்கு அதுதான். ஆனால் மக்கள் 2 லட்சம் பேர்தான். ஜெர்மன், இத்தாலியன், ரொமான்ஷ் என்று மூன்று ஆட்சிமொழிகள் கொண்ட காண்டன் நாட்டிலேயே இது ஒன்றுதான். இந்த மூன்றில் ரொமான்ஷைத் தேடித்தான் நான் போனேன். பழைய ரோமானியர்களின் பேச்சு லத்தீனிலிருந்து மலைகளுக்குள் கிளைத்த மொழி அது. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் இல்லை.

தலைநகர் கூரில் ரேட்டியன் ரயில்வேயின் சிவப்பு வண்டியில் ஏறினேன். மீட்டர் கேஜ் பாதை. ஃபிலிசூருக்குச் சற்று முன்னால், 65 மீட்டர் உயரக் கல்பாலத்தில் வண்டி வளைந்து திரும்பி, எதிரே நிற்கும் செங்குத்துப் பாறைக்குள் நேராக நுழைகிறது. இது லாண்ட்வாசர் பாலம். 1902இல் கட்டியது. பயணிகள் எல்லோரும் ஜன்னலோரம் ஒதுங்கினார்கள், நானும்தான். அதன்பிறகு பாதை மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி உயரம் ஏறி, கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீள ஆல்புலா சுரங்கத்தைக் கடந்து எங்கடின் பள்ளத்தாக்கில் இறங்குகிறது.

சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் விழும் மழை ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது இன் ஆற்றில் சேர்ந்து, டான்யூபோடு கலந்து, கருங்கடலை அடைகிறது. எங்கடினின் மேல்கோடியில் உள்ள லுங்கின் கணவாய்க்குத் தெற்கே விழுந்தால் போ ஆற்றின் வழியே ஏட்ரியாட்டிக் கடல். தண்ணீரே இப்படிப் பிரிந்து போகும் நிலத்தில் பேச்சு மட்டும் ஒன்றாக இருக்குமா? ரொமான்ஷுக்கு ஐந்து எழுத்து வழக்குகள் உண்டு: சுர்சில்வான், சுட்சில்வான், சுர்மிரான், புதேர், வல்லாடேர். மலை பிரித்தது போதாதென்று மதமும் பிரித்தது. எங்கடின் புராட்டஸ்டன்ட், சுர்சில்வான் பேசும் சுர்செல்வா பள்ளத்தாக்கு கத்தோலிக்கம். புதேர் வழக்கில் புதிய ஏற்பாடு 1560லேயே அச்சாகிவிட்டது.

சமேதானில் வண்டி மாறி, குவார்டா நிலையத்தில் இறங்கி, மஞ்சள் தபால் பேருந்தில் மேலே இருக்கும் ஊருக்கு ஏறினேன். வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி வரைந்த பூக்கள், கட்டங்கள், வல்லாடேர் வழக்கில் வாசகங்கள். தங்கிய விடுதியின் உரிமையாளர் அம்மாவிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். ஆரம்ப வகுப்புகள் வல்லாடேரில், பிறகு ஜெர்மனும் சேர்ந்துகொள்ளும் என்றார். ஜெர்மன் தெரியாத ரொமான்ஷ்காரர் இன்று யாருமே இல்லை என்றும் சொன்னார். படித்த பிள்ளைகள் வேலைக்கு கூர், சூரிச் என்று போய்விடுவதைத்தான் வருத்தத்தோடு சொன்னார்.

1938இல் நடந்த வாக்கெடுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். இத்தாலியின் ஃபாசிஸ்டுகள் ரொமான்ஷை இத்தாலிய வட்டார வழக்கு என்று சொல்லி உரிமை கொண்டாடிய காலம் அது. சுவிஸ் மக்கள் 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரித்து அதை நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டாட்சித் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது.

மத்தியில் ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி மன்றம் ஆள்கிறது. தலைவர் பதவி ஆண்டுதோறும் கை மாறுகிறது. ஆனால் பள்ளிப் பாடம் காண்டனின் பொறுப்பு. கிராவ்புண்டனின் மொழிச் சட்டம் அதற்கும் கீழே, ஊர் வரைக்கும் இறங்குகிறது. ஓர் ஊரில் குறைந்தது 40 சதவீதம் பேர் ரொமான்ஷ்காரர் என்றால் அது ரொமான்ஷ் ஊர். ஊராட்சி அலுவலகமும் பள்ளியும் அந்த மொழியில்தான் நடக்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பன்மொழி ஊர். பெரும்பான்மையாக இல்லாதபோதும் ஒரு மொழிக்கு ஊரை விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இதே காண்டன் தவறியதும் உண்டு. ஹைன்ரிக் ஷ்மிட் என்ற மொழியியலாளர் 1982இல் வழக்குகளுக்குப் பொதுவாக ரொமான்ஷ் கிரிஷுன் என்ற எழுத்து நடையை வகுத்தார். அரசு ஆவணங்களுக்கு அது நன்றாகவே பயன்பட்டது. செலவைக் குறைக்கலாம் என்று 2003இல் காண்டன் நாடாளுமன்றம் பாடநூல்களையும் அந்த நடையிலேயே அச்சிட முடிவு செய்தது. பாட்டி பேசும் மொழி பாடப்புத்தகத்தில் இல்லையே என்று பெற்றோர் எழுந்தார்கள். பொது நடைக்கு மாறியிருந்த பல ஊர்கள் தங்கள் வழக்குக்கே திரும்பின. காண்டனும் பழையபடி ஐந்து வழக்குகளிலும் பாடநூல் அச்சிட இறங்கிவந்தது. சிக்கனம் என்று பார்த்தால் இது நஷ்டம்தான். ஆனால் வீட்டில் பேசாத மொழியைப் பள்ளி எத்தனை நாள் காப்பாற்றும்? அந்தப் பெற்றோர் செய்ததே சரி.

சட்டத்தால் வேலைவாய்ப்பை உண்டாக்க முடியவில்லை என்பதும் உண்மை. பிள்ளைகள் வெளியேறும் ஊர்களில் 40 சதவீதக் கோடு ஒரு நாள் எட்டாத உயரமாகிவிடலாம்.

நம்மவர்கள் சுவிட்சர்லாந்து போனால் பெரும்பாலும் டிட்லிஸும் யுங்ஃபிராவும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிராவ்புண்டனுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். சுற்றுலா எக்ஸ்பிரஸை விட்டுவிட்டு, ஊருக்கு ஊர் நிற்கும் சாதாரண வண்டியில் ஏறுங்கள். பள்ளி விடும் நேரத்தில் அதில் ஏறும் பிள்ளைகள் ரொமான்ஷில்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.