தனித்துறை

தூண்டில்காரனுக்குத் தனிமைமீது தணியாத காதல். நாமும் ஞாயிறுதோறும் அதனைத் தேடுகிறோம். பிளவக்கல் அணை, வைப்பாற்றின் வெம்பக்கோட்டை நீர்த்தேக்கம், அர்ச்சுனா ஆற்றின் ஆனைக்குட்டம் என வரைபடத்தில் குறித்தோம். மீன்பாசிக் குத்தகைக்குப் போகாத கண்மாய் எதுவெனக் கேட்டறிந்தோம். கோரை மண்டிய ஓரத்தில் விரால் பதுங்கும் என்பதையும் கற்றோம்.

எனினும், ஆளரவமற்ற துறைகளையெல்லாம் விரல்விட்டு எண்ணியவர் முதிய பட்டாசுத் தொழிலாளி ஒருவரே. "எவ்வாறு அறிந்தீர்கள், ஐயா?" என்றோம்.

"சிறுவயதில் ஊர்க்கரையில் எங்களை நிற்கவிட்டதில்லை, தம்பி. ஒதுங்கிய கரையெல்லாம் பழகிப்போயிற்று" என்றார்.

நாம் விரும்பித் தேடிய தனிமை, அவர்மீது திணிக்கப்பட்ட தனிமை!

பொதுக்குளம் அனைவர்க்கும் உரியது எனச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொணர்ந்தது 1924-இல். மகாடு குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிப் பருகியது 1927-இல். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு குளத்தையும் படித்துறையையும் பெயர் சுட்டித் திறந்துவிட்டது 1950-இல். முதியவர் பிறந்ததோ அதற்கும் பின்னர்! சட்டம் வந்தது, கரை வந்ததா?

மறைவிடத்தின் எழிலை மெச்சுமுன், அங்கே மனிதனை ஒதுக்கியது யார் எனக் கேட்போம். அவர் ஊர்மடையருகே உரிமையோடு அமர்ந்து தூண்டில் வீசும் நாளில்தான், நாம் தேடும் தனிமையும் களங்கமற்ற இன்பமாகும்.