புகையும் பனியும்

அக்கா மகனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவன் சங்கத்தில் சேரப்போகிறான் என்று அக்கா அழுதாள். "நீ சொன்னால் கேட்பான்" என்று என்னை அனுப்பி வைத்தாள். கதை எழுதுகிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்! இருந்தாலும் போனேன்.

அது 2024 செப்டம்பர். சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த சமயம். டீக்கடையில் வைத்து ஆரம்பித்தேன்.

"நோக்கியாவை மறந்துவிட்டாயா? வேலை நிறுத்தம் செய்தார்கள், மூடிவிட்டுப் போய்விட்டான்."

"வேலை நிறுத்தம் நடந்தது 2010-இல், மாமா. மூடியது 2014 நவம்பரில். நடுவிலே வருமான வரித் தகராறு வந்தது, சொத்தை முடக்கினார்கள். செல்போன் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஆர்டரும் நின்றது. இதையெல்லாம் விட்டுவிட்டீர்களே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதெல்லாம் சங்கத்துக்காரர்கள் சொல்லிக் கொடுத்ததுதானே?"

"யார் சொன்னால் என்ன? தேதி மாறிவிடுமா?"

டீ ஆறிப்போயிருந்தது. பிறகு அவனும் ஒன்று சொன்னான்: "ஆயிரம் பேருக்கு மேல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்; நியாயம் இல்லாமலா?" கூட்டம் பெரிதென்பதால் நியாயம் வந்துவிடாது என்று அப்போதே மடக்கியிருக்கலாம். அடிபட்ட வாய் எழவில்லை.

வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்குப் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மணிமேகலை நினைவுக்கு வந்தாள். அதே காஞ்சியில்தான் அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் சொல்லிக் கொடுக்கிறார். இருபத்தொன்பதாவது காதை முழுக்கப் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று ஒரே போலிகள்! கல்லூரியில் அந்தக் காதையைப் புரட்டித் தள்ளியவன் நான். ஓர் இடம் மட்டும் மனசில் தங்கியிருந்தது. தெரிவது ஆவியா பனியா என்றே நிச்சயமில்லாதபோது, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு இருக்கிறது என்று துணிகிறவனைப் பற்றியது. நானும் பனியைக் காட்டித்தான் பையனைப் பயமுறுத்தினேன்.

அக்கா வாசலிலேயே நின்றாள்.

"சொன்னாயா?"

"சொன்னேன். என் பேச்சில்தான் தப்பு."

"அப்படியானால் அவன் வேலைக்கு ஆபத்தில்லையா?"

அதற்கு என்ன சொல்வது? என் வாதம் பொய் என்றால் அவள் பயமும் பொய்யாகிவிடுமா?

சாம்சங் வேலை நிறுத்தம் 37 நாளில் முடிந்தது. 2025 ஜனவரியில் அந்தச் சங்கமும் பதிவாயிற்று. அக்கா மட்டும் சாமிக்கு முடிந்து வைத்த காசை இன்னும் அவிழ்க்கவில்லை.